இலங்கை மலையகத்தில் சீனி வருத்தமுள்ள (நீரிழிவு நோயுள்ள) முதியோரைப் பார்க்கச் செல்வோருக்கு

"அப்பாயி நன்றாக மெலிந்துவிட்டார், சீனியும் குறைந்துவிட்டது" என்று தோட்டத்திலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தால், மகிழ்வதற்கு முன் சற்றுப் பொறுங்கள். இரத்தத்தில் சீனி மிகுந்து சிறுநீரோடு வெளியேறும்போது உடல் தன் தசையையும் கொழுப்பையும் கரைக்கிறது. மறுபுறம், உண்பது குறைந்துபோன முதியவருக்குச் சீனி தானாகவே இறங்கிவிடும். எது நடந்தாலும் வயோதிபத்தில் தானாகக் குறையும் எடையை நல்ல கட்டுப்பாடு என்று எண்ணுவது ஆபத்தானது.

பயணப் பெட்டியில் சொக்லேட்டுக்கு ஒதுக்கும் இடத்தில், தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்றையும் சிறிய எடை இயந்திரம் ஒன்றையும் வையுங்கள். நாற்பது ஆண்டுகள் தாம் பறித்த கொழுந்தை நாள் தவறாமல் தராசில் நிறுத்துக் கொடுத்த பெண்ணுக்குத் தம் சொந்த எடை தெரியாமலிருப்பதை லயன்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பலமுறை கண்டிருக்கிறேன். இயந்திரத்தைச் சமமான சீமெந்துத் தரையில் வைத்து, காலையில், கனத்த ஸ்வெட்டரைக் கழற்றியபின் நிறுக்க வேண்டும். கிளினிக் கொப்பியில் முந்தைய எடை எழுதப்பட்டிருந்தால் ஒப்பிடுங்கள்: ஐம்பது கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இழந்திருந்தால், அது 5 சதவீதத்தைக் கடந்த இழப்பு, மருத்துவர் கட்டாயம் அறிய வேண்டியது.

65 வயதைக் கடந்தவர்களுக்கென 'மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட்' எனும் போசாக்கு மதிப்பீட்டு முறையின் குறுகிய வடிவம் உலகெங்கும் வழக்கில் உள்ளது. கடந்த மூன்று மாதங்களில் உணவு குறைந்ததா, எடை குறைந்ததா, வெளியே நடமாட முடிகிறதா, கடும் நோயோ மனத்துயரோ நேர்ந்ததா, மறதியோ மனச்சோர்வோ உண்டா, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்னும் ஆறு கேள்விகளுக்கு மொத்தம் 14 புள்ளிகள். 12 அல்லது அதற்கு மேல் கவலையில்லை, 8 முதல் 11 வரை அபாயம், 7 அல்லது அதற்குக் கீழ் போசாக்கின்மை. கூன் விழுந்தவரின் உயரத்தை அளப்பது கடினமென்பதால், கடைசிக் கேள்விக்குக் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவைப் பார்க்கலாம். 31 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் புள்ளி கிடையாது. ஆனால் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திக் குழி விழுந்தால் அது நீர்வீக்கம்; அங்கே எடையும் சுற்றளவும் இரண்டுமே பொய் சொல்லும்.

நீங்கள் வந்த நாளில் ஆடும் கோழியும் சமைத்துவிடுவார்கள். அந்தத் தட்டைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். நான்காம் நாள் காலையில், கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் தவிர வேறென்ன உள்ளே போகிறது என்று கவனியுங்கள். 'சீனி இருக்கிறது' என்ற பயத்தில் சோற்றோடு பருப்பு, முட்டை, பழம் ஆகியவற்றையும் விட்டவர்களும், பல் போனதால் மெல்ல முடியாமல் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்தே நாளைக் கடத்துபவர்களும் உண்டு. பருப்பு, முட்டை, மீன், நெத்தலிக் கருவாடு என்று புரதத்தைக் கூட்டுவதே பெரும்பாலும் தேவைப்படும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மட்டும் எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். விற்றமின் குளிகைப் போத்தல்கள் இதற்கு ஈடாகா.

மாத்திரைகளையும் பாருங்கள். சீனி மருந்தான மெட்ஃபோர்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும்; நெடுங்காலம் எடுத்தால் விற்றமின் பி12 குறையக்கூடும். சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டால் சீனி மிகவும் இறங்கி வியர்த்து, நடுங்கி, மயங்கி விழலாம். லயன் வாசலின் செங்குத்துப் படிகளில் அந்த விழுகை இடுப்பெலும்பை முறித்துவிடும். ஆயினும் மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. எடைக் குறிப்பையும், புள்ளிகளையும், அவர் உண்மையில் உண்பவற்றின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு டிக்கோயா, நுவரெலியா, பதுளை என அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். கிளினிக் குறித்த நாட்களில்தான் நடக்கும் என்பதாலும், இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட மறுபடி போக வேண்டியிருக்கும் என்பதாலும், விடுமுறையின் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.