பாடும் பறவை ஆய்வு: தரவைக் கெடுக்கும் தவறுகள்

பாடும் பறவைகளை ஆராய்பவர்கள் கணக்குப் போடும்போது சறுக்குவது குறைவு. அதற்கு முன்பே, கூடு தேடும்போதும் கருவி பொருத்தும்போதும் சறுக்கிவிடுகிறார்கள். கண்ணில் பட்டது மட்டுமே குறிப்பேட்டில் ஏறுகிறது. படாமல் போனவை ஏன் படவில்லை என்று கேட்காததால் வரும் பிழைகளே அதிகம்.

கூட்டில் தொடங்குவோம். 20 கூடுகள் கிடைத்தன, 10 கூடுகளில் குஞ்சுகள் பறந்தன, ஆகவே வெற்றி 50 விழுக்காடு என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. முட்டையிட்ட மறுநாளே பாம்பு காலிசெய்த கூடு உங்கள் கண்ணில் படவே இல்லை. பட்டவையோ ஏற்கெனவே பல நாள் தப்பிப் பிழைத்தவை. அமெரிக்கப் பறவையியலாளர் ஹெரால்ட் மேஃபீல்ட் 1961-ல் இதற்கு எளிய வழி சொன்னார்: கூடுகளை அல்ல, கூடு கண்காணிப்பில் இருந்த நாள்களை எண்ண வேண்டும். அந்த 20 கூடுகளும் சேர்ந்து 200 நாள்கள் உங்கள் பார்வையில் இருந்தன என்றால், அழிந்த 10-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும். ஒரு நாள் இழப்பு 0.05, ஒரு நாள் தப்பும் வாய்ப்பு 0.95. அடைகாப்பும் குஞ்சு வளர்ப்பும் சேர்ந்து 25 நாள் பிடிக்கும் இனமானால், 0.95-ஐ 25 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.28 வரும். 50 என்று நம்பியது 28 ஆகிறது. இப்போதுள்ள மென்பொருள்கள் இன்னும் நுட்பமாகக் கணக்கிடும். ஆனால் கண்டுபிடித்த நாள், கடைசியாக உயிருடன் பார்த்த நாள், முடிவு தெரிந்த நாள் ஆகிய மூன்றும் குறிப்பில் இல்லாவிட்டால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கூட்டைப் பார்க்கப் போவதே கூட்டுக்கு ஆபத்தாகலாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை போதும். வந்த வழியே திரும்பாமல் கூட்டைத் தாண்டி நடந்து போய்விடுங்கள். கூட்டோடு முடியும் ஒற்றைத் தடம் கீரிக்கும் பூனைக்கும் வழிகாட்டும். காகம் பார்த்துக்கொண்டிருந்தால் நெருங்கவே வேண்டாம். அடையாள நாடாவைக் கூட்டுக் கிளையில் கட்டாமல் பத்து மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். உள்ளே பார்க்கக் குச்சியில் கட்டிய சிறு கண்ணாடி போதும், கிளையை வளைக்கத் தேவையில்லை. 12, 13 நாளில் கூட்டைவிட்டுக் கிளம்பும் குஞ்சுகளுக்கு, ஆறேழு நாள் வயதில் கால் வளையம் போட்டுவிட வேண்டும். ஒன்பது நாளுக்குப் பிறகு கை வைத்தால், பறக்கத் தெரியாத குஞ்சுகள் பயந்து குதித்துவிடும். அப்படிக் குதித்ததைத் திருப்பி வைத்தாலும் பெரும்பாலும் தங்காது. அதற்குப் பிறகு இறப்பது நம்மால்தான்.

வலசை ஆய்வில் முதல் தவறு எடையில் நேர்கிறது. போகும் பாதையை அறியப் பறவை மேல் பொருத்தும் கருவி உடல் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. 12 கிராம் பறவைக்கு 3 விழுக்காடு என்றால் 0.36 கிராம்தான். கருவியின் எடையை மட்டும் பார்த்துவிட்டு வார், பசை, வளையம் ஆகியவற்றைக் கூட்ட மறப்பது வாடிக்கை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வையுங்கள். வரம்புக்குள் இருந்தாலும் தீங்கில்லை என்று பொருளல்ல. கருவி இல்லாமல் வளையம் மட்டும் போட்ட ஒரு குழுவும் வேண்டும். மறு ஆண்டு இரண்டு குழுவிலும் எத்தனை திரும்பின என்று ஒப்பிட்டால்தான் கருவியின் பாரம் தெரியும்.

ஒளியை அளக்கும் ஜியோலொகேட்டர் தன் பதிவைத் தானே வைத்திருக்கும். பறவையை மறுபடி பிடித்தால்தான் தரவு கைக்கு வரும். எனவே கிடைக்கும் பாதைகள் எல்லாம் உயிரோடு திரும்பியவற்றின் பாதைகள். 'இந்த இனம் இப்படித்தான் போகிறது' என்று எழுதாமல், 'திரும்பியவை இப்படிப் போயின' என்று எழுதுங்கள். அட்சரேகை பகல் நீளத்திலிருந்தும், தீர்க்கரேகை உச்சிப்பொழுதின் நேரத்திலிருந்தும் கிடைக்கின்றன. மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் உலகெங்கும் பகல் ஏறத்தாழ ஒரே நீளம் என்பதால் அட்சரேகை குளறுபடியாகும். பல இனங்கள் வலசை போவதும் அந்த நாள்களில்தான். அப்போது வரைபடம் காட்டும் வடக்கு தெற்குப் பாய்ச்சலை நம்பாதீர்கள். கிழக்கு மேற்கு நகர்வை நம்பலாம். அடர்ந்த நிழலும், உணரியை மூடும் இறகும் பகலைக் குறுக்கிக் காட்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இளம் பறவையையும் முதிர்ந்ததையும் ஒன்றாகச் சேர்ப்பது இன்னொரு தவறு. நெதர்லாந்தில் பிடித்த 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்குகளை (மைனா குடும்பப் பறவைகளை)ச் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்ட பெர்டெக்கின் ஆய்வு 1958-ல் வெளியானது. முதிர்ந்தவை திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான குளிர்கால இடம் நோக்கிப் போயின. முதல் வலசையில் இருந்த இளசுகள் பழைய திசையிலேயே பறந்து தெற்கு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தன. வயது பிரிக்காமல் சராசரி எடுத்திருந்தால் இரண்டு உண்மைகளும் மறைந்திருக்கும்.

சுற்றுப்புறமும் சோதனையைக் குலைக்கும். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ராபின்கள் காந்தப்புலத்தைக் கொண்டு திசை காண முடியாமல் திணறின. மரக் குடில்களுக்கு அலுமினியத் தகடு அடித்துத் தரையோடு மின் இணைப்புக் கொடுத்ததும் சரியாகத் திசை கண்டன. மின்கருவிகள் கசியவிடும் மின்காந்த இரைச்சலே காரணம் என்பது 2014-ல் வெளியானது. பறவைக்குத் திறன் இல்லை என்று முடிவு கட்டுமுன் அறையைச் சந்தேகியுங்கள்.

பதிவுசெய்த பாட்டைப் பறவைக்குப் போட்டு எதிர்வினையைப் பார்க்கும் ஒலிபரப்புச் சோதனையில் ஒரே பாட்டை 20 ஆண் பறவைகளுக்குப் போட்டுவிட்டு மாதிரி எண்ணிக்கை 20 என்பார்கள். பாட்டைப் பற்றிய கேள்விக்கு மாதிரி எண்ணிக்கை 1 மட்டுமே. பறவைப் பாட்டு ஆய்வாளர் குரோட்ஸ்மா 1989-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். 20 பறவைகளுக்கு 20 வெவ்வேறு பதிவுகள் வேண்டும். பக்கத்து எல்லைக்காரரின் குரலுக்குப் பல இனங்கள் அவ்வளவாகச் சீறாது என்பதால், பதிவுகளைத் தொலைவான இடத்திலிருந்து எடுங்கள்.

பாடுவதெல்லாம் ஆண் என்று பதிவது பழைய பழக்கம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, அலசிய பாடும் பறவை இனங்களில் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுவதாகக் காட்டியது. கூட்டில் இரை ஊட்டும் ஆணே தந்தை என்று கொள்வதும் அப்படித்தான். நாணல் பந்திங் (reed bunting) என்ற சிறு பறவையில் 55 விழுக்காடு குஞ்சுகளுக்கு வேறு ஆண் தந்தை என 1994-ல் டிஎன்ஏ காட்டியது. கள அட்டையில் 'ஆண்', 'தந்தை' என்று எழுதும் முன், 'பாடியது', 'ஊட்டியது' என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தேடியும் ஒன்றும் காணாத நாள்களை, தேடிய மணி நேரத்தோடு சேர்த்து, அதே அட்டையில் ஏற்றுங்கள்.