காபா மேல் பழி போடாதீர்கள்: ஏற்பிப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டால், தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமை முழுசாகத் தெரியாது. முதுகின் சாய்வான கோடு மட்டும் தெரியும். அது போதும், பைக்கை நிறுத்திவிடுவோம். அந்தக் கோட்டைப் பிடிப்பவை மூளையின் பின்பகுதியில், கண் காண்பதை அலசும் பார்வைப் புறணியின் நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள். அவற்றில் பலவற்றுக்குத் தனக்கென்று பிடித்த சாய்வு ஒன்று உண்டு. ஹூபல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1959இல் பூனையில் இதை விவரித்தார்கள்.

நியூரான்கள் ஒன்றோடொன்று ரசாயனம் விட்டுப் பேசுவதை இங்கே நர்சிங் பிள்ளைகளுக்கு டியூஷனில் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷா வருஷம் விடைத்தாளில் ஒரே வரி: "குளூட்டமேட் தூண்டும், காபா அடக்கும்." ரசாயனத்தின் மேலேயே முத்திரை! நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், மறைப்பானேன். முடிவு ஏற்பியின் கையில் இருக்கிறது, அதாவது வாங்கும் செல்லில் ரசாயனம் வந்து ஒட்டும் புரதத்தின் கையில். விழித்திரையையே பாருங்கள். ஒளியுணர் செல் விடுவது ஒரே குளூட்டமேட். அதை வாங்கும் இருமுனைச் செல்களில் ஒரு வகை கிளர்கிறது. ஏற்பி வேறாக இருப்பதால் இன்னொரு வகை அடங்குகிறது. வெளிச்சம் கூடுவதற்கு ஒரு பாதை, குறைவதற்கு ஒரு பாதை என்று அங்கேயே பிரிந்துவிடுகிறது. அசிடைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனமும் இதே கதைதான்: கைத்தசையைச் சுருக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும்.

அப்புறம், குளூட்டமேட் ஏற்பி எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. ஆம்பா ஏற்பி சில மில்லிசெகண்டில் வேலையை முடித்துவிடும். என்எம்டிஏ ஏற்பி நிதானக்காரர். அதன் வாயை மக்னீசியம் அயனி அடைத்திருக்கும். குளூட்டமேட் வந்து ஒட்டினாலும், செல் ஏற்கெனவே ஓரளவு கிளர்ந்திருந்தால்தான் அடைப்பு விலகும். பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டுமே, அந்த மாதிரி. ஒரே சமயத்தில் பல பக்கமிருந்து செய்தி வருவதை அது கண்டுகொள்வது இப்படித்தான்.

சரி, காபாவுக்கு வருவோம். "அடக்குவது என்றால் பார்வையை மங்கச் செய்வது" என்று எழுதுகிறார்கள். 1975இல் சிலிட்டோ என்ற ஆய்வாளர், பூனையின் பார்வைப் புறணியில் பைகுகுலின் என்ற மருந்தால் காபா ஏற்பிகளை அடைத்துப் பார்த்தார். நியூரான்கள் அதிகமாகத் துடித்தன. ஆனால் பல நியூரான்களில் சாய்வைத் தேர்ந்தெடுக்கும் திறன் குறைந்தது, சிலவற்றில் போயே போனது. அப்படிப்பட்ட நியூரானுக்கு எருமையின் முதுகும் ஒன்றுதான், வேலிக்கம்பும் ஒன்றுதான். வேண்டாத சாய்வுக்கு வாயை மூடவைப்பதில் காபாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியாக, மார்க் போகிற ஒரு இடம். "டயாஜெபாம் காபா ஏற்பியைத் திறக்கும்" என்று எழுதாதீர்கள். பதற்றம் தணிக்கும் அந்த மருந்து சாவி அல்ல. காபா வந்து ஒட்டும்போது வாசல் இன்னும் அடிக்கடி திறக்க உதவும், அவ்வளவுதான்.