நாள்பட்ட தசைநாண் வலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை: எடுப்பதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, கருவி மூலம் தோலின் மேலிருந்து அழுத்த அலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், எந்த மையத்துக்குப் போவது என்பதை விட, அந்தச் சிகிச்சையோடு சேர்த்து அடுத்த 12 வாரங்களில் என்ன உடற்பயிற்சி செய்யப் போகிறோம் என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். கருவி உடலில் படும் நேரம் ஓர் அமர்வுக்குச் சில நிமிடங்கள்தான். தசைநாண் தன்னைச் சீரமைத்துக்கொள்ள எடுக்கும் காலமோ மாதக்கணக்கு. கருவியை மட்டும் நம்பிப் போய், இடைப்பட்ட மாதங்களில் வெறுமனே காத்திருப்பவர்கள் கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதியை இழக்கிறார்கள்.

சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்தே உடைப்பதற்காக 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதர்களுக்குப் பயன்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தின் கிளைதான் இது. எலும்பு, தசைநாண் சிக்கல்களுக்கு அது பின்னர் நகர்ந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2000-இல் குதிகால் அடிப்பகுதி வலிக்கும், 2003-இல் டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கை வலிக்கும் இத்தகைய கருவிக்கு அனுமதி அளித்தது. உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. செல்வது அழுத்த அலை மட்டுமே. கல்லை உடைப்பதற்கு ஆகும் ஆற்றலை விடக் குறைந்த ஆற்றலே இங்கு பயன்படுகிறது, நோக்கமும் உடைப்பது அன்று. நாள்பட்ட தசைநாண் வலியில் அழற்சியின் பங்கு பலர் நினைப்பதை விடக் குறைவு. ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய கொலாஜன் என்ற புரத இழைகள் தாறுமாறாகி, தசைநாண் தடித்து, அதற்குள் புதிய நுண்ணிய இரத்தக் குழாய்களும் அவற்றோடு நரம்பு நுனிகளும் வளர்ந்திருக்கும். அலைகள் அந்த நரம்பு நுனிகளின் வலி உணர்த்தும் திறனைக் குறைப்பதாகவும், தசைநாண் செல்களைத் தூண்டிச் சீரமைப்பு வேலையைத் தொடங்க வைப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. தோள் தசைநாணில் படிந்த கால்சியம் கரைவதும் பெரும்பாலும் உடலே அதை உறிஞ்சிக்கொள்வதால்தான். ஆகவே “உள்ளே இருக்கும் அடைப்பை உடைத்துவிடுவோம்” என்ற விளக்கத்தை யாராவது தந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் வலியின் காரணத்தை உறுதி செய்யுங்கள்

சிகிச்சை பலிக்காமல் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, வலி தசைநாணிலிருந்து வரவே இல்லை என்பது. முழங்கையின் வெளிப்புற வலி கழுத்து நரம்பு அழுத்தத்தாலும் வரலாம். குதிகால் வலி எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாகவும் இருக்கலாம். இரண்டு குதிகால்களிலும் வலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், கூடவே இடுப்பு வலி ஆகியவை இளம் வயதினரிடம் சேர்ந்து காணப்பட்டால் வாத நோய் மருத்துவரைப் பார்ப்பதே முறை. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை அண்மையில் எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி, சில வேளைகளில் அறுந்துபோகவும் செய்யக்கூடியவை. ஓடும்போதோ தாவும்போதோ திடீரென்று ‘டப்’ என்ற உணர்வோடு வலி தொடங்கி, நுனிக்காலில் நிற்க முடியாமல் போயிருந்தால் அது தசைநாண் அறுந்ததற்கான அறிகுறி. அந்த நிலைக்கு ஷாக்வேவ் மருந்தாகாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் தசைநாண் தடிப்பு, கால்சியம் படிவு, கிழிசல் ஆகியவற்றை வேறுபடுத்திப் பார்க்கலாம். ஆனால் வலியே இல்லாத பலரின் ஸ்கேனிலும் மாற்றங்கள் தெரியும் என்பதால், படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அடுத்த கேள்வி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது: எடையைப் படிப்படியாக ஏற்றும் பயிற்சியை மூன்று மாதங்களாவது ஒழுங்காகச் செய்து பார்த்தோமா? இணையத்தில் பார்த்த இரண்டு நீட்சிப் பயிற்சிகளை எப்போதாவது செய்தது இந்தக் கணக்கில் சேராது. பயிற்சியைத் தொடங்கவே முடியாத அளவு வலி இருப்பவருக்கும், ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டவருக்கும்தான் ஷாக்வேவ் பொருத்தமாக அமைகிறது.

எல்லா இடங்களிலும் பலன் ஒரே மாதிரி இல்லை. குதிகாலின் அடிப்பகுதித் திசுப்பட்டை, இடுப்பின் வெளிப்புறம், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் ஆகியவற்றில் சாதகமான ஆய்வுகள் கணிசமாக உள்ளன. டென்னிஸ் எல்போவிலும் முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணிலும் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. தோள் மூட்டைச் சூழ்ந்திருக்கும் ரோட்டேட்டர் கஃப் தசைநாண்களைப் பொறுத்தவரை, கால்சியம் படிவு உள்ளவர்களுக்கு ஓரளவு நம்பிக்கை தரும் ஆய்வுகள் இருந்தாலும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு நோயாளிகள் உணரும் அளவுக்கான நன்மை குறைவே என்ற முடிவுக்கு வந்தது. எனவே, தோள் வலிக்காரர் இந்தச் சிகிச்சைக்குச் சற்றுக் கூடுதல் தயக்கத்தோடு சம்மதிப்பது நியாயமே.

சிகிச்சை பெறும் இடத்தில் புற்றுநோய்க் கட்டியோ கிருமித்தொற்றோ இருந்தால் இதைச் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும் தவிர்க்கிறார்கள். வளர்ந்துவரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சித் தகட்டின் மீதும், நுரையீரல் இருக்கும் பகுதியின் மீதும் அலை பாயக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களும், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்; கேட்காமல் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். அதே இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் பொதுவாக ஆறு வாரங்களாவது இடைவெளி விடச் சொல்வார்கள்.

மையத்தில் கேட்க வேண்டியவை

கருவி குவிய வகையா, ரேடியல் வகையா என்று கேளுங்கள். குவிய வகை அலையை உடலுக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் ஒன்றுசேர்க்கிறது. ரேடியல் வகையில், அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறு உலோகக் குண்டைக் குழாய்க்குள் தள்ளி முனையில் மோதச் செய்கிறது; அப்படி எழும் அலையின் ஆற்றல் தோலில்தான் அதிகம், உள்ளே போகப் போகப் பரவித் தணிந்துவிடும். குதிகால், முழங்கை போன்று தோலுக்கு அருகிலுள்ள தசைநாண்களுக்கு ரேடியலே போதுமானது என்பதால், அந்தக் கருவியை வைத்திருக்கும் மையத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆழத்தில் உள்ள இடங்களுக்குத்தான் குவிய வகையைத் தேடுவது பொருளுள்ளது.

ஆற்றல் கூடக் கூடப் பலன் கூடும் என்பதும் தவறான எண்ணம். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.08 மில்லிஜூலுக்குக் கீழே இருந்தால் குறைந்த ஆற்றல் என்றும், 0.28 வரை நடுத்தரம் என்றும் கணக்கிடுவது வழக்கம். முயல்களின் அக்கிலிஸ் தசைநாணில் 0.60 அளவைச் செலுத்திப் பார்த்தபோது திசுவே சேதமடைந்ததை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. வழக்கமான முறை என்னவென்றால், வாரத்துக்கு ஒன்று வீதம் மூன்று முதல் ஐந்து அமர்வுகள், ஒவ்வோர் அமர்விலும் சுமார் 2,000 துடிப்புகள். பரிசோதனை எதுவும் செய்யாமல் முதல் சந்திப்பிலேயே பத்துப் பதினைந்து அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் இடத்தில் எழுந்து வந்துவிடுவது நல்லது. பயிற்சித் திட்டத்தை எழுதித் தருபவர் யார், அதை மாற்றியமைக்க எப்போது மீண்டும் பார்ப்பார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால், அது சரியான இடம்.

அமர்வின்போது

வலிக்கும் பகுதியைத் தளர்வாக வைத்துப் படுக்கச் சொல்வார்கள். அக்கிலிஸ் என்றால் குப்புறப்படுத்து, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். சிகிச்சை அளிப்பவர் விரலால் அழுத்தி, எங்கே வலி உச்சம் என்று கேட்டு, அந்த இடத்தைப் பேனாவால் குறிப்பார். இங்கே கூச்சப்பட வேண்டாம்: “இன்னும் சற்று உள்பக்கம்” என்று நீங்கள் திருத்துவதுதான் குறியைச் சரியாக்கும். தோலுக்கும் முனைக்கும் இடையே காற்று இருந்தால் அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும் என்பதால் ஜெல்லைத் தாராளமாகத் தடவுவார்கள். பிறகு கருவி தடதடவென்று அடிக்கத் தொடங்கும். சத்தம் பயமுறுத்தும் அளவுக்கு இருந்தாலும் முதல் சில நூறு துடிப்புகள் குறைந்த அழுத்தத்தில்தான் இருக்க வேண்டும். வலி பத்துக்கு ஐந்து, ஆறு என்ற அளவில் இருக்கும்படி அழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் சீக்கிரம் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தாங்க முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், குறைப்பார்கள். அதே வேளையில், வலி தெரியாமல் இருக்க மரப்பு ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். குதிகால் வலிக்காரர்களிடம் நடந்த ஆய்வில், மரப்பு ஊசியோடு சிகிச்சை பெற்றவர்களுக்குப் பலன் குறைந்தது. உச்ச வலியுள்ள இடத்தை நோயாளியால் சொல்ல முடியாமல் போவதும் ஒரு தடை.

முடிந்த பிறகு தோல் சிவப்பது, சிறு இரத்தக் கன்றல், லேசான வீக்கம், ஓரிரு நாள் மரமரப்பு ஆகியவை வரலாம். அன்றாட நடை, அலுவலக வேலை எல்லாம் தொடரலாம். ஓட்டம், தாவல், கனமான தூக்கல் ஆகியவற்றை 48 மணி நேரம் தள்ளிப்போடுங்கள். வலி அதிகமானால் பாராசிட்டமால் போதும். இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைச் சிகிச்சைக் காலத்தில் தவிர்க்கும்படி பல மையங்கள் சொல்கின்றன.

அந்த 12 வாரங்கள்

ரோம்பே என்ற ஆய்வாளரின் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அக்கிலிஸ் தசைநாணின் நடுப்பகுதியில் வலி உள்ள 68 பேர் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். நான்கு மாதங்களுக்குப் பின், பயிற்சி மட்டும் செய்தவர்களில் 56 விழுக்காட்டினரும், பயிற்சியோடு ஷாக்வேவும் பெற்றவர்களில் 82 விழுக்காட்டினரும் முழுமையாக அல்லது பெருமளவு குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சி இரு தரப்பிலும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஷாக்வேவ் அதன் மேல் சேர்ந்த கூடுதல் உதவியாகவே பலன் காட்டியது.

அக்கிலிஸ் வலிக்கான பயிற்சியை எடுத்துக்கொள்வோம். முதல் ஓரிரு வாரங்களில் நுனிக்காலில் எழுந்து 45 வினாடி அசையாமல் நிற்பதை ஐந்து முறை செய்தால் போதும். அது பழகியதும், மூன்று வினாடி மேலே, மூன்று வினாடி கீழே என்று நிதானமாகக் குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சிக்கு மாறுங்கள்: வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு சுற்றுகள். தொடக்கத்தில் சுற்றுக்கு 15 முறை செய்யக்கூடிய எடை, வாரங்கள் நகர நகர ஆறு முறைக்கு மேல் செய்ய முடியாத எடை என்று பளுவை ஏற்ற வேண்டும். முதுகுப்பையில் புத்தகங்களை நிரப்பிக்கூட இதைச் செய்யலாம். 1998-இல் ஆல்ஃபிரெட்சன் என்ற ஆய்வாளரின் குழு அறிமுகப்படுத்திய புகழ்பெற்ற முறையில் நாளொன்றுக்கு 180 முறை குதிகாலை இறக்க வேண்டும். 2015-இல் நடந்த ஒப்பீட்டில் இதுவும், மேலே சொன்ன வாரம் மூன்று நாள் முறையும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரம் மூன்று நாள் முறையே கைகூடும் என்பது என் கருத்து. வலி குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில் இருந்தால் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடாதீர்கள், தரையிலேயே செய்யுங்கள். அந்த ஆழமான வளைவு ஒட்டுமிடத்தை எலும்போடு நசுக்கும்.

முழங்கை என்றால் முன்கையை மேசை மேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, சிறு எடையைப் பிடித்து மணிக்கட்டை அதே நிதானத்தில் ஏற்றி இறக்கலாம். நியதி ஒன்றுதான்.

பயிற்சியின்போது வலி வரும்; வரலாம். பத்துக்கு ஐந்தைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் அந்தப் பளு தகுந்தது. மறுநாள் காலை படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் இறுக்கம் கூடியிருந்தால் முந்தைய அளவுக்கு ஒரு படி இறங்குங்கள், முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள். முற்றான ஓய்வு தசைநாணை மேலும் பலவீனமாக்கும்.

ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதி வாருங்கள்: காலை வலி எவ்வளவு, எவ்வளவு எடை, எத்தனை முறை. மூன்றாவது அமர்வு முடிந்ததும் “எதுவும் மாறவில்லையே” என்று தோன்றுவது இயல்பு. மாற்றம் பெரும்பாலும் ஆறு முதல் 12 வாரங்களுக்குள்தான் தெரிய வரும். ஓரிரு அமர்விலேயே வலி போய்விட்டால் அதற்கும் எச்சரிக்கை தேவை: நரம்பு அடங்கியிருக்கிறதே தவிர தசைநாண் அதற்குள் வலுவடைந்துவிடவில்லை, ஆகவே ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் திட்டமிட்ட வேகத்திலேயே திரும்புங்கள்.

கடைசி அமர்விலிருந்து மூன்று மாதங்கள் ஆகியும், பயிற்சியை ஒழுங்காகச் செய்தும், நோட்டில் முன்னேற்றம் தெரியாவிட்டால் அதே சிகிச்சையை இன்னொரு சுற்று வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் திரும்பி, வலியின் காரணத்தை மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஊசி முறைகளையும் அறுவை சிகிச்சையையும் பற்றிப் பேச வேண்டிய கட்டமும் அதுதான். போகும்போது அந்த நோட்டோடு, கருவி எந்த வகை, எத்தனை அமர்வு, எவ்வளவு ஆற்றல், எத்தனை துடிப்பு என்ற விவரத்தையும் மையத்திலிருந்து எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.