வாலைப் படமெடுத்துத் திமிங்கிலத்தை அடையாளம் காணும் முறை

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்னும் கடலோரச் சிற்றூரில், காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் என்ற சிறிய கல்லூரி இருக்கிறது. 1969-இல் நிறுவப்பட்டு 1972-இல் 32 மாணவர்களோடு வகுப்புகளைத் தொடங்கிய அக்கல்லூரியில் இன்றும் ஏறத்தாழ 350 பேர்தான் படிக்கிறார்கள்; இளங்கலையில் அங்கே வழங்கப்படுவது மனிதச் சூழலியல் என்ற ஒரே பட்டம். வகுப்புகள் தொடங்கிய அதே ஆண்டில் அங்கே உருவான ‘அலைட் வேல்’ என்ற ஆய்வுக் குழுவில், ஆசிரியர் ஸ்டீவன் கட்டோனாவும் மாணவர்களும் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் வாலைப் படமெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணும் பணியில் இறங்கினார்கள். அக்குழு பேணிவரும் வட அட்லாண்டிக் பதிவேட்டில் இப்போது 10,000-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் இடம்பெற்றுள்ளன. அதற்கு முந்தைய காலத்தில், திமிங்கிலத்தின் உடலுக்குள் உலோகக் குறியைச் சுட்டுச் செலுத்திவிட்டு, அந்த விலங்கு வேட்டையில் கொல்லப்படும்போதுதான் குறியை மீட்டெடுத்து அதன் பயணத்தை அறிந்தார்கள் என்பதை எண்ணினால், கேமராவை மட்டும் நம்பிய இந்த முறையின் அருமை விளங்கும். படகில் செல்லும் எவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் எதைப் படமெடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வால் துடுப்பின் அடிப்புறத்தில் உள்ள கருப்பு வெள்ளைப் பரவல், மனிதர்களின் கைரேகையைப் போல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருப்பதில்லை. ஆகவே, தண்ணீருக்கு மேலே உயரும் வாலைப் பின்பக்கத்திலிருந்து, அதன் இரு நுனிகளும் நடுப்பிளவும் விளிம்பும் முழுமையாகத் தெரியும்படி எடுத்த படமே பயன்படும். பக்கவாட்டில் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தப் பணிக்கு அது உதவாது.

வால் எப்போது உயரும் என்பதைத் திமிங்கிலமே முன்கூட்டிக் காட்டிவிடுகிறது. நீர்மட்டத்தில் சில முறை மூச்சுவிட்ட பிறகு, அது முதுகை வழக்கத்தைவிட உயர்த்தி வளைக்கும்; ஆழமாக மூழ்கப்போகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. அந்த வளைவைக் கண்டதும் ஷட்டரை அழுத்தத் தொடங்கி, வால் மறையும்வரை தொடர்ச்சியாகப் படமெடுக்க வேண்டும். 200 முதல் 300 மில்லிமீட்டர் வரையுள்ள லென்ஸ் போதுமானது. படகும் ஆடும், வாலும் அசையும் என்பதால் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைந்த நேரமாக இருப்பது நல்லது. பின்னணியில் வானம் வெளிச்சமாக இருந்தால் வால் வெறும் நிழலுருவாகப் பதியக்கூடும். சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கும்படி நிற்க முயல வேண்டும்.

படத்துக்காகத் திமிங்கிலத்தைத் துரத்துவது ஒருபோதும் கூடாது. அப்பகுதியின் வழிகாட்டு நெறிகள், 100 அடிக்குள் வேண்டுமென்றே நெருங்கக் கூடாது என்கின்றன. மிக அரிதாகிவிட்ட ரைட் திமிங்கிலமாக இருந்தால் 500 கஜம் விலகியிருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் சட்டம். தானாக வால் உயர்த்தாத திமிங்கிலத்தின் படம் கிடைக்காமல் போனால் போகட்டும்.

படத்தோடு சேர வேண்டிய குறிப்புகளை நான் படத்துக்கு இணையாகவே மதிக்கிறேன். நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, உடனிருந்த மற்றத் திமிங்கிலங்கள், குட்டி இருந்ததா என்ற செய்தி ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். கரைக்கு வந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் இரண்டு விலங்குகளின் செய்திகள் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு திமிங்கிலத்தை முடித்து அடுத்ததற்குப் போகும்போது, இடையில் வானத்தையோ குறிப்பேட்டையோ ஒரு படம் எடுத்துவைத்தால் பிரித்தறிவது எளிது. முதுகுத் துடுப்பையும் இருபுறமிருந்தும் எடுத்துக்கொள்வது நல்லது. இத்தகைய குறிப்பு எவ்வளவு தொலைவு உதவும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1999-இல் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் படமெடுக்கப்பட்ட ஒரு பெண் திமிங்கிலம், 2001-இல் மடகாஸ்கருக்கு அருகே சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்த படத்திலும் இருந்தது. ஏறத்தாழ 9,800 கிலோமீட்டர் இடைவெளி கொண்ட அந்த இரு இடங்களை இணைத்துக் காட்டிய ஆய்வில் இந்தக் கல்லூரியின் ஆய்வாளர்கள் முன்னின்றார்கள். எங்கே, எப்போது என்ற செய்தி இல்லாதிருந்தால் அப்பயணியின் படம் வெறும் நினைவுப் பொருளாகவே இருந்திருக்கும்.

அடுத்தது ஒப்பிடும் வேலை. பெரும்பாலும் வெள்ளையாக உள்ள வாலை ஒன்றாம் வகை எனவும், முழுக் கருப்பை ஐந்தாம் வகை எனவும் கொண்டு, இடைப்பட்டவற்றை மூன்று வகைகளாகப் பிரிப்பது வழக்கம். புதிய படத்தை முதலில் வகைப்படுத்திவிட்டு அந்த வகைக்குள் மட்டும் தேடினால் உழைப்பு பெருமளவு குறையும். இரு வகைகளின் எல்லையில் நிற்கும் வாலை இரண்டிலும் தேட வேண்டும். பிறகு நடுப்பிளவின் வடிவம், விளிம்பின் பற்கள் போன்ற வெட்டுகள், ஓர்க்கா என்னும் கொலைகாரத் திமிங்கிலத்தின் பற்கள் பதித்த இணைகோட்டுத் தழும்புகள் என ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தழும்புகள் புதிதாகச் சேரக்கூடியவை என்பதால், ஒரு தழும்பு கூடுதலாக இருப்பதை வைத்து மட்டும் ‘இது வேறு’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. குட்டிகளின் வால் அமைப்பு முதல் ஓரிரு ஆண்டுகளில் மாறக்கூடியது; அவற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பொருத்தம் கிடைத்தது என்று தோன்றினால், இன்னொருவர் தனியே பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அதைப் பதிய வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. முதல் ஆண்டில் 100 திமிங்கிலங்களை அடையாளம் கண்டு, மறு ஆண்டில் கண்ட 100-இல் 20 பழையவை என்று தெரிந்தால், முதலில் கண்ட 100 மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றாகிறது; ஆகவே மொத்தம் சுமார் 500 இருக்கலாம் எனக் கணக்கிடலாம். அதில் பத்துப் பொருத்தங்களைத் தவறவிட்டால் கணக்கு 1,000 ஆகிவிடும். தெளிவற்ற படங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் இதற்காகத்தான்.

மெய்ன் கடலில் காணப்படும் இன்னோர் இனமான துடுப்புத் திமிங்கிலம் வாலை அரிதாகவே உயர்த்தும். அதற்கு வலப்பக்கத் தாடை வெள்ளை, இடப்பக்கத் தாடை கருமை. ஆகையால் அதை வலப்புறமிருந்து, தலைக்குப் பின்னுள்ள வெளிர்நிறப் பட்டைகளும் முதுகுத் துடுப்பும் தெரியும்படி எடுக்க வேண்டும்.

எடுத்த படங்களை வெட்டாமல், மூலக் கோப்பாகவே குறிப்புகளுடன் அலைட் வேல் குழுவுக்கு அனுப்பலாம். அல்லது கணினியே ஒப்பிட்டுத் தரும் ஹேப்பிவேல் தளத்தில் பதிவேற்றலாம். பொருத்தம் கிடைக்காத படத்தையும் அனுப்பவே வேண்டும். அது இதுவரை எவரும் பதியாத திமிங்கிலமாக இருக்கலாம். கோடையில் மெய்ன் வளைகுடாவில் இரைதேடும் இத்திமிங்கிலங்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் கடலுக்குச் செல்வதால், அங்கே வேறொருவர் எடுக்கும் படம் பின்னொரு நாள் அதனோடு பொருந்தலாம்.