கஸ்ஸாலி – இப்னு ருஷ்து விவாதத்தை வாசிக்கும் முறை

இஸ்லாமிய மெய்யியலை அறிய விரும்பும் பலர் வரலாற்றுச் சுருக்கங்களோடு நின்றுவிடுகின்றனர். அவற்றுள் பலவும் இமாம் கஸ்ஸாலியின் ஒரு நூலால் இஸ்லாமிய உலகில் மெய்யியல் மடிந்தது என்று தீர்ப்பளித்து முடிகின்றன. அத்தீர்ப்பை ஒதுக்கிவைத்து, கஸ்ஸாலியும் (1058–1111) அவருக்கு மறுப்பெழுதிய இப்னு ருஷ்தும் (1126–1198) சொன்னவற்றை அவர்கள் நூல்களிலேயே படிப்பதுதான் இத்துறைக்குள் நுழையச் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. அரபி அறியாதவர்க்கு நம்பகமான மொழிபெயர்ப்பே போதும்.

கஸ்ஸாலி மறுப்பவை பெரும்பாலும் மெய்யியலாளர் இப்னு சீனாவின் (980–1037) கருத்துகள் என்பதால் முதலில் அவற்றை அறிந்துகொள்ளுங்கள். இதற்குக் கஸ்ஸாலியே துணை நிற்கிறார். மெய்யியலாளரின் கொள்கைகளைத் தொகுத்து அவர் எழுதிய 'மகாஸித் அல்-ஃபலாஸிஃபா' இலத்தீனுக்குச் சென்றபோது, படித்த ஐரோப்பியர் அவரையே அக்கொள்கைகளின் ஆதரவாளராக எண்ணினர். எதிர்த்தரப்பை அவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்தவர் அவர்.

அடுத்து, மெய்யியலை மடியச் செய்ததாகச் சொல்லப்படும் அவருடைய 'தஹாஃபுத் அல்-ஃபலாஸிஃபா' (மெய்யியலாளரின் முரண்பாடு) நூலை எடுங்கள். அதில் ஆராயப்படும் சிக்கல்கள் 20. உலகம் தொடக்கமற்றது என்பது, இறைவன் தனிப்பொருள்களைப் பொதுவகையில் மட்டுமே அறிகிறான் என்பது, உடல்கள் மீண்டும் எழுப்பப்படுவதை மறுப்பது ஆகிய மூன்றை மட்டுமே அவர் குஃப்ர் (இறைமறுப்பு) என்கிறார். அளவையியலை (தர்க்கத்தை) அவர் தள்ளவில்லை என்பதையும் மறவாதீர்கள். சட்டக்கலை பற்றிய தம் 'முஸ்தஸ்ஃபா' நூலையே அளவையியல் முன்னுரையோடுதான் தொடங்கினார்.

இருபதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். 17ஆம் சிக்கலில் நெடுநேரம் தங்குங்கள். பஞ்சு தீயைத் தொடும்போது எரிகிறது. ஆனால் தொடுதலோடு எரிதல் நிகழ்வதைத்தான் நாம் காண்கிறோம், தொடுதலால் எரிதல் நிகழ்வதை எவரும் கண்டதில்லை, எரிப்பவன் இறைவனே என்கிறார் கஸ்ஸாலி. அதே பகுதியில், தீக்கு எரிக்கும் இயல்பு உண்டென்று ஏற்றுக்கொண்டே அற்புதங்களுக்கு இடங்காணும் இரண்டாவது விளக்கத்தையும் தருகிறார். அவசரமாகப் படிப்போர் இதைத் தவறவிடுகின்றனர்.

இங்கே நூலை மூடிவைத்து, உங்கள் மறுமொழியை ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு இப்னு ருஷ்தின் 'தஹாஃபுத் அல்-தஹாஃபுத்' (முரண்பாட்டின் முரண்பாடு) என்ற மறுப்பு நூலைத் திறங்கள். கஸ்ஸாலியின் வாசகங்களைப் பகுதி பகுதியாக எடுத்துக்காட்டியே அவர் விடை சொல்வதால், இருவரையும் அருகருகே படிக்கலாம். பொருளுக்கென்று தனிச்செயல் இல்லையெனில் தனி இயல்பும் இல்லை. காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்பது அவர் வாதம். அவர் கஸ்ஸாலியை விட்டு இப்னு சீனாவைக் கண்டிக்கும் இடங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவை பல, விவாதத்தில் மூன்று தரப்புகள் இருப்பது அப்போதுதான் புலப்படும்.

தாக்கத்தை அறிய இரு திசைகளிலும் செல்ல வேண்டும். மேற்கே, அரிஸ்டாட்டிலுக்கு இப்னு ருஷ்து எழுதிய உரைகள் இலத்தீனிலும் எபிரேயத்திலும் பரவின. கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அவரை 'உரையாசிரியர்' என்றே குறிப்பிட்டார். கிழக்கே, இப்னு சீனாவின் 'இஷாராத்' நூலுக்கு ஃபக்ருத்தீன் ராஸியும் (இறப்பு 1210) ராஸிக்கு மறுமொழியாக நஸீருத்தீன் தூஸியும் (இறப்பு 1274) உரை எழுதினர். ஈரானில் முல்லா ஸத்ரா 17ஆம் நூற்றாண்டில் புதிய மெய்யியல் ஒன்றையே கட்டியெழுப்பினார். ராஸி, தூஸி உரைகளிலிருந்து ஒரே சிக்கலைத் தேர்ந்து, மேலே சொன்ன முறையிலேயே படிக்கத் தொடங்குங்கள்.