ஃபீபாஸைப் பிடித்து மைலோடிக்காக வளர்ப்பது எப்படி? போகிமான் எமரால்டு ஆடும் புதியவர்களுக்கு

போகிமான் வரிசையில் 349ஆவதாக நிற்கும் ஃபீபாஸைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. பழுப்பு உடல், பிய்ந்த துடுப்புகள், எதையோ பார்த்துத் திகைத்ததுபோல் ஒரு முகம். அதன் ஆறு ஸ்டாட்களையும் (உயிர், தாக்குதல், வேகம் போன்ற அடிப்படை எண்கள்) கூட்டினால் 200தான் வரும். கேலிக்குப் பேர்போன மாஜிகார்ப்பின் கூட்டுத்தொகையும் அதே 200. ஆனால் மாஜிகார்ப் எந்தக் குளத்தில் தூண்டில் போட்டாலும் சிக்கும். லெவல் 20 வந்தால் தானாகவே கியாரடோஸ் ஆகிவிடும். ஃபீபாஸ் அப்படியெல்லாம் இறங்கிவராது. அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை, அது தன் வளர்ந்த வடிவமான மைலோடிக்காக மாறுவது வேறொரு வேலை.

2002இல் ஜப்பானில் வெளியான ரூபி, சஃபையர், பின்னர் 2004இல் வந்த எமரால்டு ஆகிய மூன்றிலும் முறை ஒன்றுதான். இங்கே எமரால்டை வைத்து விளக்குகிறேன். மற்ற இரண்டில் வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை: பலரும் தேடுவதில்தான் கஷ்டம் என்று நினைத்து, மீன் கிடைத்த சந்தோஷத்தில் கையில் இருப்பதையெல்லாம் ஊட்டிவிடுகிறார்கள். ஆட்டம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே ஊட்டும் பகுதியைப் படித்து முடிக்காமல் ஃபீபாஸுக்கு ஒரு போகிபிளாக்கூட (பெர்ரிகளை அரைத்துச் செய்யும் தீனி) கொடுக்காதீர்கள்.

படி 1: தூண்டிலும் துணையும்

ஃபீபாஸ் இருப்பது ரூட் 119இன் ஆற்றில் மட்டுமே. ஃபோர்ட்ரீ நகருக்குப் போகும் வழியில், மழை அடிக்கடி பெய்யும் அந்த நீளமான ரூட்தான். ஆற்றுக்குள் இறங்க, போகிமான்மேல் ஏறி நீந்தும் சர்ஃப் வேண்டும். ஜிம் தலைவர் நார்மனை வென்று ஐந்தாவது பேட்ஜ் வாங்கியபின் அதைப் பயன்படுத்தலாம்.

எந்தத் தூண்டில் போட்டாலும் ஃபீபாஸ் சிக்கும் என்பதால், மூன்றிலும் மட்டமான ஓல்டு ராடையே எடுத்துக்கொள்ளுங்கள். இது பலருக்கு விசித்திரமாகப் படும். காரணம் எளிது. சூப்பர் ராடில் மீன் கடித்தபின் சரியான நேரத்தில் ஏ பொத்தானை ஆறு முறைவரை அழுத்த வேண்டியிருக்கும். ஒன்று தவறினாலும் மீன் போய்விடும். ஓல்டு ராடில் ஒரே அழுத்தம்தான். நூற்றுக்கணக்கான முறை தூண்டில் வீசப்போகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். தவிர, இந்த ஆற்றில் ஓல்டு ராடுக்கு வேறு என்ன சிக்கும்? மாஜிகார்ப்பும் டென்டகூலும்தான். கடித்துக் குதறும் கார்வன்ஹா வராது.

குழுவின் முதல் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் எமரால்டில் முக்கியம். ஸ்டிக்கி ஹோல்டு அபிலிட்டி (பிறவித் திறன்) உள்ள கல்பின் என்ற போகிமான் முன்னால் நின்றால் மீன் அடிக்கடி கடிக்கும். ரெப்பலும் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். நீந்திப்போகும்போது குறுக்கே வரும் போகிமான்களை அது தடுக்கும். தூண்டிலில் சிக்குவதைத் தடுக்காது.

படி 2: ஆறு கட்டங்கள்

அந்த ஆற்றில் தூண்டில் வீசக்கூடிய கட்டங்கள் 400க்கும் மேல். அவற்றில் ஃபீபாஸ் இருப்பது வெறும் ஆறு கட்டங்களில். வெளியே எந்த அடையாளமும் இருக்காது. எல்லாம் ஒரே நீலத் தண்ணீர்தான்.

எந்த ஆறு என்பதைத் தீர்மானிப்பது, எங்கோ தொலைவில் டூஃபோர்டு டவுனில் அந்த நேரத்தில் பிரபலமாக இருக்கும் சொற்றொடர். ஊர்க்காரர்கள் வாயில் எப்போதும் புரளும் அந்த இரண்டு சொல் தொடருக்குப் பின்னால் ஆட்டம் ஓர் எண்ணை ஒளித்து வைத்திருக்கிறது. அதிலிருந்துதான் கட்டங்கள் பிறக்கின்றன. இதை யோசித்தவர்களின் குறும்பை என்னவென்று சொல்வது! உங்களுக்கு இதில் தேவையானது ஒன்றே: தேடல் நடக்கும்போது டூஃபோர்டு சிறுவனிடம் போய்ப் புதிய தொடரைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது பிரபலமாகிவிட்டால் கட்டங்கள் எல்லாம் இடம் மாறிவிடும். அதுவரை தேடியது வீண். நாட்கள் போகப்போக அந்தத் தொடர் தானாகவும் மாறலாம். அதனால் தேடலைச் சில உட்காரல்களில் முடித்துவிடுவது நல்லது.

தேடும் முறை இதுதான். கட்டம் போட்ட தாளில் ஆற்றை வரைந்துகொள்ளுங்கள். கீழ்முனையில் தொடங்கி வரிசை வரிசையாக மேலே போங்கள். தூண்டில் விழுவது நீங்கள் நிற்கும் கட்டத்தில் அல்ல, உங்கள் முகம் பார்க்கும் அடுத்த கட்டத்தில். தாளில் குறிக்கும்போது இதை மறக்காதீர்கள். ஒரே இடத்தில் நின்றபடி நான்கு திசையும் திரும்பி வீசினால் நகர்வது மிச்சமாகும்.

ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை முறை வீசுவது? சரியான கட்டத்தில் மீன் சிக்கினால் அது ஃபீபாஸாக இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். சரியான கட்டமாக இருந்தும் மூன்று முறை சிக்கியதில் ஒன்றுகூட ஃபீபாஸாக இல்லாமல் போக வாய்ப்பு 12.5 சதவீதம், நான்கு முறை என்றால் 6.25. நான் மூன்றோடு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். ஆறு கட்டங்கள் இருக்கின்றன, ஒன்றை விட்டாலும் இன்னொன்று கிடைக்கும். ஆனால் கணக்கில் சேருவது போகிமான் சிக்கிய வீச்சுகள் மட்டுமே; ஒன்றும் கடிக்காமல் போனதை எண்ணாதீர்கள்.

படி 3: ஒன்றோடு நிறுத்தாதீர்கள்

ஃபீபாஸ் திரையில் வந்ததும் பதற்றப்படத் தேவையில்லை. லெவல் 20 முதல் 25 வரை இருக்கும். பிடிபடும் எளிமையில் ஆட்டத்திலேயே முதல் வரிசை. சாதாரண போகிபாலே போதும்.

முதல் ஒன்றைப் பிடித்ததும் கிளம்பாதீர்கள். கட்டம் தெரிந்துவிட்டது, இனி சுமார் இரண்டு கடிக்கு ஒரு ஃபீபாஸ் வரும். பத்துப் பதினைந்தாவது பிடியுங்கள், ஆணும் பெண்ணும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் நேச்சருக்காகத்தான், அதாவது ஒவ்வொரு போகிமானுக்கும் அமையும் குணத்துக்காக.

மைலோடிக் ஆக ஃபீபாஸின் பியூட்டி மதிப்பு 170ஐத் தொட வேண்டும். அதன்பின் ஒரு லெவல் ஏற வேண்டும். பியூட்டியை உயர்த்துவது போகிபிளாக்கின் ட்ரை (Dry) சுவை. மாடஸ்ட், மைல்ட், ராஷ், கொயட் ஆகிய நான்கு நேச்சர்களுக்கு அந்தச் சுவை பிடிக்கும். ஒவ்வொரு போகிபிளாக்கும் 10 சதவீதம் கூடுதலாகப் பலன் தரும். ஆடமன்ட், இம்பிஷ், கேர்ஃபுல், ஜாலி ஆகியவற்றுக்குப் பிடிக்காது. 10 சதவீதம் குறையும். மற்ற நேச்சர்களுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

என் தேர்வு மாடஸ்ட். ட்ரை சுவை பிடிக்கும் என்பதோடு, மைலோடிக்குக்குத் தேவையான ஸ்பெஷல் அட்டாக்கைக் கூட்டி, தேவையில்லாத அட்டாக்கைக் குறைக்கிறது. மாடஸ்ட் நேச்சரும் சிங்க்ரனைஸ் அபிலிட்டியும் கொண்ட ரால்ட்ஸ் ஒன்று உங்களிடம் இருந்தால், கட்டம் கிடைத்தபின் கல்பினை நகர்த்திவிட்டு அதை முதலில் நிறுத்துங்கள். எமரால்டில் பாதிக்குப் பாதி வாய்ப்பில் அதே நேச்சர் ஃபீபாஸுக்கும் அமையும்.

படி 4: பெர்ரியும் போகிபிளாக்கும்

போகிபிளாக் வைக்கும் கேஸ் எமரால்டில் லிலிகோவ் கான்டெஸ்ட் ஹாலில் கிடைக்கும். ரூபி, சஃபையரில் ஸ்லேட்போர்ட்டில். பெர்ரிகளை அரைத்து போகிபிளாக் செய்யும் பிளெண்டரும் எமரால்டில் லிலிகோவில்தான் இருக்கிறது.

ட்ரை சுவையுள்ள பெர்ரிகளில் எளிதில் கிடைப்பது செஸ்டோ. ஆனால் செஸ்டோவை மட்டும் நம்பினால் கணக்கு இழுபறியாகவே முடியும். ஏன் என்று பார்ப்போம். ஒவ்வொரு போகிபிளாக்கிலும் இரண்டு எண்கள் இருக்கும்: லெவல், ஃபீல். லெவல் எவ்வளவோ அவ்வளவு பியூட்டி ஏறும். ஃபீல் எவ்வளவோ அவ்வளவு வயிறு நிறையும். ஃபீல்களின் கூட்டுத்தொகை 255ஐத் தொட்டுவிட்டால் அந்த போகிமான் அதன்பின் ஒன்றும் சாப்பிடாது.

உங்கள் போகிபிளாக்கின் ஃபீல் 22 என்று வைத்துக்கொள்வோம். பதினொன்று கொடுத்தால் 242. இன்னும் ஒன்றுக்கு இடம் உண்டு. ஆக மொத்தம் பன்னிரண்டு. 170ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 14க்குச் சற்று மேல். ஆகவே லெவல் 15 இருந்தால் 180 வந்து வேலை முடிந்தது. லெவல் 12 என்றால் 144இலேயே நின்றுவிடும், மீன் ஃபீபாஸாகவே காலம் தள்ளும். போகிபிளாக் தயாரானதும் திரையில் வரும் இந்த இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். தேறாவிட்டால் ஊட்டாதீர்கள்.

நல்ல லெவல் வேண்டுமென்றால் கார்ன், பாம்ட்ரே ஆகிய பெர்ரிகள் வேண்டும். ரூட் 123இல் உள்ள பெர்ரி மாஸ்டரைத் தினமும் போய்ப் பாருங்கள். அவர் கொடுப்பவற்றில் கார்னும் உண்டு. அதே வீட்டில் இருக்கும் அவருடைய மனைவி உங்களிடம் நல்ல தொடர் ஒன்று கேட்பார். சேலஞ்ச், கான்டெஸ்ட் என்ற இரண்டு சொற்களை வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு பாம்ட்ரே பெர்ரி கையில் வரும். அதை அவசரப்பட்டு அரைத்துவிடாதீர்கள். நட்டு, வளரும் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் ஊற்றி, வருவதை மறுபடி நட்டுப் பெருக்குங்கள். செஸ்டோ அரை நாளில் காய்த்துவிடும். பாம்ட்ரேக்கு மூன்று நாள் பிடிக்கும்.

பிளெண்டரில் கவனிக்க வேண்டியவை சில. உடன் அரைப்பவர்கள் கூடக்கூட ஃபீல் குறையும், அதனால் மூன்று பேர் நிற்கும் மேசையே நல்லது. இருவர் ஒரே பெர்ரியைப் போட்டால் உதவாத கறுப்பு போகிபிளாக் வரும். நண்பரோடு கேபிளில் இணைந்து அரைக்கும்போது முன்பே பேசிக்கொள்ளுங்கள். இனிப்புச் சுவை ட்ரை சுவையைக் கழித்துவிடும் என்பதால் இனிப்புப் பெர்ரியைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அம்பு உங்கள் குறிக்கு நேராக வரும் நொடியில் ஏ அழுத்த வேண்டும். சுழலும் வேகம் ஏறினால் லெவலும் ஏறும். வெளியே வருவது நீலமாகவோ கருநீலமாகவோ இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

படி 5: ஊட்டுதல், ஒரு லெவல்

தேறும் அளவுக்கு போகிபிளாக்குகள் சேர்ந்ததும் ஆட்டத்தைச் சேவ் செய்துவிட்டு வரிசையாக ஊட்டுங்கள். உங்கள் கையில் இருக்கும் போகிநாவ் கருவியின் கண்டிஷன் பகுதியில் ஐங்கோண வரைபடம் வரும். பியூட்டி முனை நீண்டுகொண்டே போவதைப் பார்க்கலாம். எண் காட்டாது, ஆகவே உங்கள் தாள்கணக்குதான் ஆதாரம். 170 தாண்டியதும் ஒரு ரேர் கேண்டி கொடுங்கள், அல்லது ஒரு சண்டையில் லெவல் ஏற்றுங்கள். அவ்வளவுதான்: கூட்டுத்தொகை 200இலிருந்து 540க்குத் தாவும்.

இதை லெவல் 29க்குள் முடித்துவிட்டால் இன்னொரு லாபம் உண்டு. மைலோடிக் 30இல் ரிகவர் கற்றுக்கொள்ளும். பாதி உயிரை மீட்கும் அந்த மூவ் இல்லாத மைலோடிக் அரைகுறைதான். தாமதமாகிவிட்டால் ஹார்ட் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஃபாலர்பர் டவுனில் பழைய மூவ்களைக் கற்பிப்பவரிடம் போக வேண்டியிருக்கும்.

வயிறு நிறைந்து பியூட்டி போதாமல் போனால்?

அந்த ஃபீபாஸை இனி போகிபிளாக்கால் மாற்ற முடியாது. ஆனால் ரூட் 117இன் டேகேரில் அதை எதிர்ப்பால் ஃபீபாஸ் ஒன்றோடு விட்டால் முட்டை கிடைக்கும். பொரிந்து வரும் குஞ்சு லெவல் 5இல், வெறும் வயிற்றோடு வரும். அதன் நேச்சரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் புதிதாக ஊட்டலாம். ஆணும் பெண்ணும் பிடிக்கச் சொன்னது இதற்கும்தான்.

மற்ற ஆட்டங்களில்

டயமண்ட், பேர்லில் கொரோனெட் மலையின் அடித்தள ஏரியில் நான்கே கட்டங்கள், அவையும் தினமும் மாறும். போகிபிளாக்குக்குப் பதில் பாஃபின். பிளாக், வைட் வந்த 2010இலிருந்து ப்ரிஸம் ஸ்கேலைக் கையில் கொடுத்து நண்பருக்கு டிரேட் செய்தாலே மைலோடிக் ஆகிவிடுகிறது. 2014இன் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையரில் இரண்டு வழியும் செல்லும். டிரேட் செய்ய ஆள் இருந்தால் ப்ரிஸம் ஸ்கேல் வழி சுலபம். எமரால்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, பெர்ரித் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.