அவசர வழியில் தொங்கும் பூட்டு

சென்ற மாதம் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். புதிதாக அமைத்த பாதுகாப்புக் குழுவில் எல்லோரும் இளம் ஆசிரியர்கள். 60 பக்கத் திட்ட அறிக்கையைப் பெருமையோடு நீட்டினார்கள். வண்ண வரைபடம், அம்புக்குறி, கூடுமிடம், 101, 108, 112 என்று ஒன்றுவிடாமல் இருந்தது. பிறகு விடுதியைச் சுற்றி வந்தோம். வரைபடத்தில் பச்சை அம்பு காட்டிய பின்பக்கப் படிக்கட்டின் அடியில் ஓர் இரும்புக் கதவு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் மாட்டிய அதே பூட்டைப் பார்த்ததுபோல் இருந்தது.

காலாவதியான தீயணைப்பான், அறுந்த மின்கம்பி போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே விடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

ஒழுக்கத்தைக் காக்க வழியை அடைப்பது

அப்போது நான் மாணவர் விடுதியில் துணை வார்டன். பின்பக்கப் படி வழியாக நழுவி இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போன இருவர் பிடிபட்டார்கள். அடுத்த கூட்டத்தில், "இரவு ஒன்பது மணிக்குமேல் பின்கதவைப் பூட்டிவிடலாம்" என்று யோசனை சொன்னது நான்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டை வாங்கி வந்ததும் நான்தான். சாவி காவலாளியிடம் இருக்கும் என்று ஏற்பாடு.

பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஓர் ஏப்ரல் இரவு, பன்னிரண்டரை மணி. முன்பக்கப் படிக்கட்டின் கீழே இருந்த மீட்டர் பலகை பற்றிக்கொண்டது. தீ பெரிதல்ல, பக்கத்திலிருந்த பழைய மெத்தைகளுக்குத் தாவியதோடு சரி. ஆனால் மெத்தைப் புகை கறுத்தது, கனத்தது. மூன்று மாடிக்கும் அந்தப் படிக்கூடமே புகைபோக்கியாகிவிட்டது. பிள்ளைகள் பின்பக்கம் ஓடினார்கள். முதலில் இறங்கியவன் பூட்டைப் பார்த்துக் கத்தினான்; மேலே இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தார்கள். காவலாளி மெயின் சுவிட்சை அணைக்க முன்பக்கம் போயிருந்தார். சாவிக்கொத்து அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட சாவிகள், ஒன்றிலும் சீட்டு இல்லை. பக்கத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் ஒரு கடப்பாரை கிடைத்தது. வெளியிலிருந்து ஒருவர் நெம்பி உடைத்தார்.

யாரும் சாகவில்லை. முதல் மாடியிலிருந்து குதித்த ஒரு பையனுக்குக் குதிகால் எலும்பு நொறுங்கியது. மறுநாள் அவனுடைய அப்பா ஊரிலிருந்து வந்தார். சத்தம் போடவில்லை. "சாவி யார் கையில சார் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் எரிந்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துக் கொதித்தவர்களில் நானும் ஒருவன். அப்படிப்பட்ட நான்தான் பின்னால் பூட்டு வாங்கினேன். அங்கே இருந்தது கொடுமை, இங்கே நான் செய்வது ஒழுங்கு என்று மனம் வசதியாகப் பிரித்துவைத்திருந்தது.

இன்றும் எரிச்சல் அடங்காததற்குக் காரணம், மாற்று வழி கையெட்டும் தூரத்தில் இருப்பதுதான். திரையரங்குகளில் பார்த்திருப்பீர்கள்: கதவின் குறுக்கே ஒரு கம்பி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. திறந்தால் வார்டன் அறையில் மணி அடிக்கும்படியும் செய்யலாம். பையன் வெளியே போனால் உங்களுக்குத் தெரிந்துவிடும். தீ என்றால் அவன் பிழைத்துவிடுவான். இதைச் சொன்னால், "சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவைக்கிறோமே" என்பார்கள். இருட்டில், புகையில், முதுகில் நூறு பேர் நெருக்கும்போது பூட்டின் துளையைத் தேடிப் பாருங்கள். கதவு உட்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் சாவி கிடைத்தும் பயனில்லை. கூட்டத்தின் அழுத்தமே அதைத் திறக்கவிடாது. அவசரக் கதவு வெளிநோக்கித்தான் திறக்க வேண்டும்.

ஜன்னல் கம்பிகளுக்கும் இதே கதைதான். திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் இரும்பு அடிக்கிறோம். தாழ்வாரத்துக்கு ஒன்றாவது கீல் வைத்து உள்ளிருந்து திறப்பதாக இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி ஒத்திகை

சுற்றறிக்கை அனுப்பி, விருந்தினரை அழைத்து, வெயிலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தால் அது ஒத்திகை ஆகாது, விழா. விடுதியில் உயிரைப் பறிப்பது தூக்கத்தில் வரும் தீ. இரவு பத்தரைக்கு ஒருமுறை நடத்திப் பாருங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த மணி கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

யாரென்று தெரியாத பயிற்சியாளர்

2018 ஜூலை 12 அன்று கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சி நடந்தது. 19 வயது மாணவி ஒருவரை இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கச் சொன்னார்கள். அவர் தயங்கியபோது பயிற்சியாளர் தள்ளினார். கீழே இருந்த சன்ஷேடில் தலை மோதி அவர் இறந்தார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்; எங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஆணையம் பிறகு சொன்னது. உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அவர்களே வருவார்கள். உயரத்திலிருந்து இறக்கிக் காட்ட மணல் மூட்டை போதும், மாணவர் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவே போதும் என்பது

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கைபேசிகள் ஊமையானதைப் பார்த்தவர்கள் விசிலும் மெகாபோனும் வாங்கிவைத்திருப்பார்கள்.

தரைக்குக் கீழே ஜெனரேட்டர்

தண்ணீரும் முதலில் அங்கேதான் இறங்கும்.

ஆய்வக மணல் வாளி

சோடியம் பற்றினால் தண்ணீரும் ஆகாது, கரியமில வாயுவும் ஆகாது. உலர்ந்த மணல் வேண்டும். நான் பார்த்த வாளிகளில் பாதியில் மணலைத் தவிர எல்லாம் இருந்தது.

பெயர்ப்பட்டியல்

இரவுத் தங்கல் பதிவேட்டை வார்டன் மேசையில் வைத்தால், தீப்பிடித்த கட்டடத்துக்குள்தான் அது இருக்கும். ஒரு நகல் வாயிற்காவல் அறையில் தினமும் இரவு போய்ச் சேர வேண்டும். அன்று எங்களிடம் நகல் இல்லை. நினைவிலிருந்து எண்ணினோம். ஒருவன் குறைந்தான். அவனைத் தேடி ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு இரண்டு பேர் மறுபடியும் மேலே போனார்கள். இரண்டு மணி சுமாருக்கு அவனே மதில் ஏறிக் குதித்து வந்து சேர்ந்தான். சட்டைப்பையில் இரண்டாம் ஆட்ட டிக்கெட் இருந்தது.